அரை மீட்டர்காரர்

காலை ஆறேகாலுக்கு அவர் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருப்பார். கண் மட்டும் பலகையில் இருக்காது. வலது தோள் பலகைப் பக்கம், முகம் கடல் பக்கம், சாக்பீஸ் தன் பாட்டுக்கு நகரும். அதனால் அவர் எழுதும் எண்கள் எல்லாம் ஓடும் பேருந்தில் எழுதியவை போல ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கும். "கொஞ்சம் திரும்பி நின்னு நேரா எழுதினாதான் என்ன?" என்று முதல் நாளே வாய் சும்மா இருக்காமல் கேட்டுவைத்தேன். என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, உடனே மறுபடி கடலுக்குத் திரும்பிக்கொண்டார்.

"அதுக்கு முதுகைக் காட்டக் கூடாது சார்."

அலை எத்தனை உயரம், காற்று எந்தத் திசை, தண்ணீர் எத்தனை டிகிரி, கடல் ஏற்றம் எத்தனை மணிக்கு, ஜெல்லி மீன் உண்டா இல்லையா என்று ஐந்து வரி. கடற்கரைப் பாதுகாப்பு அறையின் வாசலில் அந்த ஐந்து வரியை எழுதுவதுதான் இருபத்திரண்டு வருடமாக அவருடைய நாளின் முதல் வேலை. அறை என்றால் ஆறு படிக்கட்டுக்கு மேலே, மூன்று பக்கம் கண்ணாடி வைத்த ஒரு பெட்டி. உள்ளே ஒரு சுழல் நாற்காலி. அது சுழன்று தொலைக்கக் கூடாது என்று அடியில் மரக்கட்டை ஒன்றைச் சொருகி வைத்திருக்கிறார். ஒரு பைனாகுலர். ஒலிபெருக்கிக்கு ஒரு மைக். நடுக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும் மிதவை அனுப்புகிற எண்களைக் காட்ட ஒரு பழைய கணினி. கொடி அவர் கையில் இல்லை. பச்சையா, மஞ்சளா, சிவப்பா என்று தலைமை அலுவலகம் தொலைபேசியில் சொல்லும். ஏற்றுவது மட்டும் அவர். அவர் இஷ்டத்துக்கு விட்டிருப்பது அந்தக் கரும்பலகை ஒன்றைத்தான்.

நான் கோடைக்கு மூன்று மாதம் எதிர்த் தெருவில் ஒரு மாடி அறை எடுத்திருக்கிறேன். கடற்காற்று உடம்புக்கு நல்லது என்றார் மருத்துவர். கடல் நல்லது என்று அவர் சொல்லவில்லை. நானும் கணுக்காலுக்கு மேல் நனைந்ததில்லை. எனக்குத் தண்ணீர் என்றாலே சிறு வயதிலிருந்து பயம். அதனால்தானோ என்னவோ, இந்த மனிதரிடம் போய் ஒட்டிக்கொண்டேன்.

அவருக்கு 'அரை மீட்டர்காரர்' என்று பட்டப்பெயர் வைத்தது குடைக்காரர். மணலில் குடையும் சாய்வு நாற்காலியும் வாடகைக்கு விடுகிறவர். தொண்டை முழுக்கச் சிரிப்பு. "அண்ணன் போர்டைப் பார்த்தீங்களா சார்? ஒன்றரைன்னு போட்டிருப்பாரு. அப்படின்னா ஒண்ணு. ரெண்டுன்னா ஒன்றரை. எப்பவும் அரை மீட்டர் சேர்த்துத்தான் போடுவாரு. நாம கழிச்சுக்கணும். இங்க பச்சைக் குழந்தைக்கும் இது தெரியும்."

உண்மைதான். மிதவை ஒரு மீட்டர் என்றால் இவர் ஒன்றரை என்று எழுதுவார். மிதவை வெறும் அரை மீட்டர் காட்டும் நாளில், குளம் மாதிரி கிடக்கிற கடலைப் பார்த்தபடியே ஒன்று என்று எழுதுவார். ஏன் என்று கேட்டால் சேர்த்ததையே ஒப்புக்கொள்ள மாட்டார். "மிஷினுக்கு என்ன சார் தெரியும்?" அவ்வளவுதான். நானும் மூன்றாம் நாளே கழிக்கக் கற்றுக்கொண்டேன். தண்ணீரில் இறங்காதவனுக்கு இந்தக் கணக்கு எதற்கு என்று கேட்காதீர்கள். ஊரே கழிக்கும்போது நாம் மட்டும் கழிக்காமல் நின்றால் ஏமாந்த சோணகிரி மாதிரி இருக்கிறது.

பகல் முழுவதும் மைக்கில் அவர் குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். "சிவப்புத் தொப்பி அம்மா, குழந்தை கையை விடாதீங்க. விடாதீங்கன்னு சொல்றேன்ல." "கோடு போட்ட சட்டை சார், அந்தச் சாதுவை நம்பாதீங்க. வலது பக்கம் வாங்க. உங்க வலது இல்ல, என் வலது." சாது என்று அவர் சொல்வது ஓர் இடத்தை. இரண்டு பக்கமும் அலை உடைந்து நுரைத்துக்கொண்டிருக்க, நடுவே பத்தடி அகலத்துக்குத் தண்ணீர் அலையே இல்லாமல் அமைதியாக இருக்கும். கரைக்கு வந்த நீரெல்லாம் திரும்பிக் கடலுக்குப் போகிற வழி அது. இழுத்தால் யானையையும் இழுத்துக்கொண்டு போகும். ஊருக்குப் புதிதாக வருகிற ஒவ்வொரு குடும்பமும், சொல்லி வைத்தாற்போல், குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு நேரே அங்கேதான் போய் நிற்கும். "நல்ல இடமாப் பார்த்து நிக்கறோம்னு நினைச்சுக்கிட்டு, அது வாய்க்குள்ளயே போய் நிக்கறாங்க சார்" என்பார். சொல்லும்போது அவர் கை மைக்கின் கம்பியை முறுக்கிக்கொண்டிருக்கும்.

வேலை முடிந்து மணலை விட்டு ஏறும்போது கடலைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடந்து படிக்கட்டு வரைக்கும் வருவார். வீட்டில் ஒரு குடும்பப் படம் மாட்டியிருக்கிறது. கடலை முதுகுக்குப் பின்னால் வைத்து எடுத்தது. மனைவி, மகள் எல்லோரும் புகைப்படக்காரரைப் பார்த்துச் சிரிக்க, அவர் மட்டும் கடலைப் பார்த்து நிற்கிறார். படத்தில் இருப்பது அவருடைய பின்னந்தலை. "வழுக்கை அப்பவே ஆரம்பிச்சிடுச்சுன்னு தெரிஞ்சுக்க உதவுது" என்பார் மனைவி.

அந்த அம்மாள் வீட்டிலேயே திரைச்சீலை தைத்துக் கொடுக்கிறார். அதிர்ந்து பேசாதவர். ஆனால் காலை ஆறரைக்கு அறையின் தொலைபேசி மணி அடித்தே தீரும். எனக்கே அந்தப் பேச்சு மனப்பாடம்.

"எவ்வளவு போட்டீங்க?"

"ஒன்றரை."

"அரை சேர்த்தீங்கல்ல?"

"சேர்த்துட்டேன்."

அதற்குப் பிறகுதான் அந்த வீட்டில் அடுப்பு எரியும், தையல் இயந்திரம் ஓடும்.

மகளுக்கு இருபத்துநான்கு வயது. அம்மாவின் முகம், அப்பாவின் தோள். பயத்தை மட்டும் இரண்டு பேரிடமிருந்தும் வாங்கவில்லை. அந்தக் கடற்கரையிலேயே குழந்தைகளுக்கு அலைச்சறுக்கு வகுப்பு எடுக்கிறாள். பதினொரு பிள்ளைகள், ஆளுக்கொரு சறுக்குப்பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு அவள் பின்னால் எறும்பு வரிசையாகப் போவது பார்க்க வேடிக்கையாக இருக்கும். கரும்பலகையைப் படிக்காமல் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது என்பது அப்பா போட்ட ஒரே நிபந்தனை. அவள் ஒருநாளும் அதை மீறியதில்லை. தவறாமல் படிப்பாள், தவறாமல் கழிப்பாள். "எங்கப்பா போர்டைப் படிக்க எழுத்து தெரிஞ்சா பத்தாது சார், கணக்கும் தெரியணும்" என்று என்னிடம் கண்ணடித்திருக்கிறாள்.

அந்த அரை மீட்டர் எங்கிருந்து வந்தது என்பதை அவரே ஒரு மதியம் சொன்னார். நான் கேட்கவில்லை. சொல்லும்போது அவர் என் பக்கம் திரும்பவும் இல்லை.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு கோடை. காற்றே இல்லை. மிதவை ஒரு மீட்டர் என்றது. "நானும் ஒண்ணுன்னு எழுதினேன். திரும்பி நின்னு, நேரா, அழகா எழுதினேன் சார். அப்ப எனக்குக் கையெழுத்து நல்லா இருக்கும்." மனைவியின் தம்பி அதைப் படித்தான். மகளுக்கு அலைமேல் நிற்கக் கற்றுக்கொடுத்த மாமன் அவன்தான். "ஒண்ணுதானே அத்தான், ஒரு முங்கு முங்கிட்டு சாப்பாட்டுக்கு வந்துடறேன்" என்றான். மதியம் ஒருமுறை பலகையைத் துடைத்துவிட்டு எழுத வேண்டும். எழுதிக்கொண்டிருந்தார். "ரெண்டு நிமிஷம்கூட இருக்காது. திரும்பிப் பார்த்தா, மணல்ல அவன் செருப்பு விட்டிருந்த இடமே இல்ல. தண்ணி படிக்கட்டுல நிக்குது."

மிதவை காட்டுவது ஒருவிதச் சராசரி. அதைவிடப் பெரிய அலைகள் இடையிடையே வரத்தான் செய்யும். அன்றைக்குப் பிரச்சினை அதுவும் இல்லை. ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவே எத்தனை நொடி என்று இன்னோர் எண்ணும் மிதவை அனுப்பும். சாதாரணமாக எட்டு, ஒன்பது. எங்கேயோ ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் புயலடித்துக் கிளம்பிய அலையாக இருந்தால் பதினைந்துக்கு மேலே போகும். அப்படிப்பட்டது நடுக்கடலில் ஒன்றுமே இல்லாதது போலத் தவழ்ந்து வந்து, கரைக்குப் பக்கத்தில் எழுந்து நிற்கும். அதற்கு முன் கால்மணி நேரம், அரைமணி நேரம் கடல் பேச்சு மூச்சில்லாமல் இருக்கும். அன்று அந்த எண் பதினேழு. அதை எழுதுவதற்குப் பலகையில் வரி இல்லை, இப்போதும் இல்லை.

"அவ ஒரு வார்த்தை கேட்டதில்ல சார்" என்றார், மனைவியைப் பற்றி. "ஏன் ஒண்ணுன்னு எழுதினேன்னு கேட்டிருந்தா அழுதாவது தொலைச்சிருப்பேன். கேட்கல. காலையில போன் பண்றா, அவ்வளவுதான்."

போன வாரம் ஒருநாள் இதெல்லாம் என் கண்ணெதிரே மறுபடி நடக்கப் பார்த்தது.

காலை எட்டு மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. கொடி பச்சை. பலகையில் ஒன்றரை, ஊர்க் கணக்கில் ஒன்று. நான் படியில் உட்கார்ந்து செய்தித்தாளால் விசிறிக்கொண்டிருந்தேன். உள்ளே நாற்காலி கிறீச்சிட்டது.

"சார், இங்க வாங்க. இந்த நம்பரை நீங்களும் படிங்க. எனக்குத்தான் அப்படித் தெரியுதா?"

உயரம் ஒன்று. இடைவெளி பதினேழு. விடியலில் பார்த்தபோது இடைவெளி ஒன்பது நொடிதான் இருந்தது என்றார்.  அவர் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார். பொறுமையாக இரண்டு தடவை சொன்னார். "மீட்டர் ஒண்ணுதானேய்யா, பச்சையே இருக்கட்டும்" என்ற பதில் எனக்கே கேட்டது. மைக்கை எடுத்து எல்லோரும் வெளியே வரும்படி கத்தினார். தண்ணீரில் இருந்தவர்கள் கையாட்டினார்கள். நேற்றும் இதே குரலில்தான் கத்தினார், முந்தாநாளும் கத்தினார்.

துணியால் பலகையை அழுத்தித் துடைத்து, ஒன்றரையை எடுத்துவிட்டு இரண்டு என்று பெரிதாக எழுதினார். குடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "ஓ, ஒன்றரை ஆயிடுச்சா?" என்று சொல்லிக்கொண்டே அடுத்த குடையை நட்டார். மணலில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்த மகளும் பார்த்தாள். இரண்டு கையையும் வாய்க்குக் குவித்துக் கத்தினாள்.

"சரிப்பா! ஒன்றரைதானே? முழங்காலுக்கு மேல போகமாட்டோம்!"

அவர் முகம் வெளிறிப்போனதை நான் பார்த்தேன். மூன்று என்று எழுதினாலும் இரண்டரை என்று படிப்பார்கள். நான்கு என்று எழுதினால் அண்ணனுக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்பார்கள். ஒன்பது வருடமாக அவர் சேர்த்து வந்த அரை மீட்டர், இன்றைக்கு அவர் வாயையே அடைத்துவிட்டது. பிள்ளைகள் சறுக்குப்பலகைகளைத் தலையில் ஏற்றிக்கொண்டார்கள். கடல் கண்ணாடி மாதிரி கிடந்தது. 

தொலைபேசி அடித்தது. அந்த நேரத்தில் அது அடித்ததே இல்லை.

"ஏங்க, காத்தே இல்லீங்களே." ஒலிபெருக்கிக்குப் பழகிய செவிக்காகச் சத்தம் கூட்டி வைத்த தொலைபேசி, ஒவ்வொரு சொல்லும் வெளியே கேட்டது. "ஜன்னல்ல போட்ட துணி ஒரு நூல்கூட அசையல. அன்னிக்கு இப்படித்தான் இருந்துச்சு. அவ எங்க இருக்கா?"

அவர் ரிசீவரை மேசைமேல் அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தார். சாக்பீஸை எடுத்தார். என் தோளைப் பிடித்துக் கடல் பக்கம் திருப்பினார்.

"சார், நீங்க பாருங்க. கண்ணை மட்டும் எடுத்துடாதீங்க."

பிறகு ஒன்பது வருடத்தில் முதல் தடவையாகக் கடலுக்கு முதுகைக் காட்டி நின்றார். என் முதுகுக்குப் பின்னால் சாக்பீஸ் கீச்சிடுவது மட்டும் கேட்டது. நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்த நீலத்தைப் பார்த்தேன். இமைக்கப் பயமாக இருந்தது. அது என் பொறுப்பில் இருந்த ஒரு நிமிடத்துக்கே என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அவர் இருபத்திரண்டு வருடம் எப்படி இருந்தார் என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.

எழுதி முடித்து அவர் விலகியபோது நானும் திரும்பிப் பார்த்தேன். இரண்டு என்ற எண்ணுக்குக் கீழே, பலகையின் அகலம் முழுக்க, ஒரு வரி. 'அரை சேர்க்கவில்லை.' சாய்வே இல்லை. பள்ளிக்கூடத்துப் பலகையில் எழுதியது போல ஒவ்வோர் எழுத்தும் நேராக நின்றது.

மகள் முழங்கால் தண்ணீரில் இருந்தாள். மைக்கில் அவள் பெயரைக் கூப்பிட்டார், வேறொன்றும் சொல்லவில்லை. அவள் சலிப்போடு திரும்பினாள். பலகையைப் பார்த்தாள். சிரிக்கப் போன வாய் அப்படியே நின்றது. அத்தனை தூரத்திலிருந்து அவள் முதலில் படித்தது வார்த்தையை அல்ல, நேராக நின்ற எழுத்தை என்று பிறகு சொன்னாள். அப்பா கடலுக்கு முதுகைக் காட்டி எழுதியிருக்கிறார் என்றால் விளையாட்டு இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. விசிலை எடுத்து ஊதினாள். நிறுத்தாமல் ஊதினாள். பதினொரு பிள்ளைகளையும் கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாகப் படிக்கட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தாள். அவர்கள் ஓடுவதைப் பார்த்துத் தண்ணீரில் இருந்த பெரியவர்களும் முணுமுணுத்தபடி ஏறினார்கள். ஒரு சின்னப் பெண் தன் மஞ்சள் சறுக்குப்பலகையை ஓரத்திலேயே விட்டுவிட்டு வந்துவிட்டாள். எடுக்க ஓடிய அந்தச் சின்னப் பெண்ணின் அப்பாவை வகுப்பு எடுப்பவள் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

பிறகு ஒன்றும் நடக்கவில்லை. ஐந்து நிமிடம் போயிற்று. பத்து நிமிடம் போயிற்று. "லீவு போட்டுட்டு வந்து படிக்கட்டுலயா உட்கார்றது?" என்றார் யாரோ. குடைக்காரர், "அண்ணே, குளிக்கற தொட்டியில இதைவிடப் பெரிய அலை வரும்" என்றார். சிரித்தார்கள். அவர் மட்டும் விரல் கணுக்களைத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தார். பதினேழு வந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து.  இந்த மனிதர் பொய்யாகிவிட்டால் இனி இவர் எதை எழுதியும் பயனில்லையே என்று எனக்குப் பதைத்தது. அலை வரவேண்டும் என்று வேண்டிக்கொள்ளவும் முடியவில்லை, வரக்கூடாது என்று வேண்டிக்கொள்ளவும் முடியவில்லை.

முதலில் தண்ணீர் பின்வாங்கியது. அவசரமே இல்லாமல். ஈர மணல் நீண்டுகொண்டே போயிற்று. பிறகு தூரத்தில் ஒரு கோடு. அது கோடாகவே வந்து, கடைசி நூறடியில் சுவராக எழுந்தது. அதன் பின்னால் இன்னொன்று. குடைக்காரர் கையில் இருந்த குடையைப் போட்டுவிட்டு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். முதல் இரண்டு வரிசைக் குடைகள் கண்ணை மூடித் திறப்பதற்குள் இல்லாமல் போயின. மூன்றாவது படி வரைக்கும் தண்ணீர் ஏறியது.  திரும்பிப் போன நீர் முழுவதும் சாதுவின் வழியாகத்தான் போயிற்று. அதன் நடுவே அந்தச் சின்ன மஞ்சள் பலகை, ஒரு தடவைகூடப் புரளாமல், யாரோ கயிறு கட்டி இழுப்பது போல நேராகப் போய்க்கொண்டே இருந்தது. பிள்ளைகள் நின்றிருக்க வேண்டிய இடம் அது. மகள் அதைக் கடைசிவரை பார்த்தாள். அது புள்ளியாகி மறைந்த பிறகும் பார்த்தாள்.

"நான் கழிச்சிட்டேனே அண்ணே" என்று குடைக்காரர் படியில் உட்கார்ந்து அழுதார்.

அவர் உள்ளே போய் மேசைமேல் கிடந்த ரிசீவரை எடுத்தார். மறுமுனையில் அந்த அம்மாள் இத்தனை நேரமும் காத்திருந்திருக்கிறார். "இருக்கா" என்றார். "பக்கத்துலதான் இருக்கா. நனையக்கூட இல்ல." வைத்த மறுநிமிடம் தலைமை அலுவலகம் கூப்பிட்டுச் சிவப்பு ஏற்றச் சொன்னது.

மறுநாள் நான் ஆறு மணிக்கே போய்விட்டேன். மிதவை ஒரு மீட்டர் காட்டியது, இடைவெளி எட்டு. இளங்காற்று வீசியது. அவர் வழக்கம்போலப் பக்கவாட்டில் நின்று '1' என்று எழுதிக் கையை எடுத்துவிட்டார். நான் காத்திருந்தேன். வேறெதுவும் சேர்க்கவில்லை.

"இனிமே உள்ளதை உள்ளபடிதான் சார் எழுதணும். அந்த இடைவெளிக்கும் ஒரு வரி போடணும். சேர்த்துச் சேர்த்து எழுதி, பெத்த பொண்ணையே கழிக்க வச்சிட்டேன். ராத்திரி அவ அம்மாகிட்டயும் சொல்லிட்டேன். சரின்னா."

மகள் வந்தாள். கூடப் பிள்ளைகள் இல்லை. வகுப்புக்கு இன்னும் நேரம் இருந்தது. முகத்தில் தூக்கமில்லை. பலகையை நின்று படித்தாள். ஓர் எண்ணைப் படிக்க அவ்வளவு நேரம் ஆகாது. கடலைப் பார்த்தாள். அப்பாவின் கையிலிருந்த சாக்பீஸை வாங்கினாள். வலது தோளைப் பலகைக்குக் கொடுத்து, முகத்தைக் கடலுக்கு வைத்து, பார்க்காமலே அந்த ஒன்றுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்து ஐந்து என்று எழுதினாள். அது ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

அவர் துடைக்கிற துணியை எடுத்தார். பலகை வரைக்கும் கொண்டுபோனார். அங்கே நிறுத்தி, மகளின் முகத்தைப் பார்த்தார். அவள் கண் கடலை விட்டு அசையவில்லை. துணியை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.